எஞ்சினோடு போன பூட்ஸ்

விழுப்புரம் லோகோ ஷெட்டில் எனக்கு எஞ்சின் துடைக்கிற வேலை. ஷெட் பந்தாட்ட டீமில் சென்டர் பார்வர்டு. வேலை வயிற்றுக்கு. ஊரில் என்னைத் தெரிந்தது பந்தால்தான்.

எங்கள் டீமில் ஒரு முறை உண்டு. ஐப்பசியில் மழை பிடித்தால் மைதானம் குளமாகிவிடும். பொங்கல் வரை மேட்ச் கிடையாது. மற்ற மாதங்களில் ஷெட் ஸ்டோரில் இருக்கும் பந்து, அப்போது சென்டர் பார்வர்டு வீட்டுக்கு வந்துவிடும். தோலுக்கு எண்ணெய் போட்டு, பூஞ்சை பிடிக்காமல் பார்த்துக்கொள்வது அவன் பொறுப்பு. என் வீட்டில் கூரைக் கொக்கியில் தொங்கும். உள்ளே போகும்போதும் வெளியே வரும்போதும் நெற்றியால் ஒரு முட்டு முட்டுவேன்.

"பந்துக்கு எண்ணெ தேய்க்கிற கை புள்ள தலைக்கு வர மாட்டேங்குது" என்பாள் என் பெண்சாதி.

பல வருசம் இப்படிப் போயிற்று. உலகச் சண்டை முடிந்த வருசம் டீமுக்குப் புது மாஸ்டர் வந்தார். பட்டாளத்தில் டீம் பழக்கியவர். திரும்பி வந்து ஷெட் ஆபீசில் சேர்ந்தார். டீமை அவர் கையில் கொடுத்துவிட்டார்கள்.

மழைக்காலத்தில் நாங்கள் வீட்டில் கிடந்தது அவருக்குப் பிடிக்கவில்லை.

"மழை பேஞ்சா பட்டாளத்துல சண்டைய நிறுத்தி வெச்சாங்களாடா?" என்றார்.

ஞாயிறுதோறும் சேற்றில் ஓடவிட்டார். வெறுங்காலில் ஆடக் கூடாது என்று ஆளுக்கு ஒரு ஜோடி பட்டாளத்துப் பழைய பூட்ஸ் கொடுத்தார். அடியில் தோல் பட்டை வைத்து ஆணி அடித்தது. பந்தை வைத்துக்கொண்டு ஓடக் கூடாது, பக்கத்து ஆளுக்குத் தள்ளிவிட்டுத்தான் ஓட வேண்டும் என்றார். என் ஆட்டமே பந்தை வைத்துக்கொண்டு ஓடுவதுதான்.

இது எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டேன். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை பாசஞ்சரில் அவன் வந்து இறங்கினான். திண்டிவனம் ஸ்டேஷனில் தண்டவாளம் மாற்றிவிடுகிற பாயிண்ட்ஸ்மேன். என்னைவிடச் சின்னவன். மாஸ்டர்தான் வரச் சொல்லியிருந்தார்.

"எந்த எடத்துல ஆடுவே?" என்று கேட்டார் எங்கள் கோல்கீப்பர். ஷெட்டில் ஃபிட்டர். வாய் ஜாஸ்தி.

"சென்டருங்க."

"தோ நிக்குறாரு பாரு, அந்த எடத்துக்குப் பட்டா வெச்சிக்கினு."

எல்லோரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். நான் குனிந்து லேஸ் கட்டினேன்.

மாஸ்டர் அன்றே சொல்லிவிட்டார். "பொங்கல் கழிச்சி டிரையல் மேட்ச். ரெண்டு பேரும் ஆளுக்கு ஒரு பக்கம் சென்டர்ல நில்லுங்க. நல்லா ஆடறவனுக்கு எடம். பூட்ஸ் போடாதவன் கிரவுண்டுக்குள்ள வரப்படாது."

அவன் காலுக்குப் பூட்ஸ் அளவெடுத்தது போல இருந்தது. எனக்குச் சுண்டுவிரல் நசுங்கியது. கத்தியால் ஓரத்தைக் கீறிவிட்டேன். அவன் பந்தைத் தள்ளிவிட்டு ஓடினால், திரும்பி வரும் பந்து அவன் காலடியிலேயே விழும். அவன் ஆடுவதைப் பார்க்கக் கூடாது என்று நினைப்பேன். பார்ப்பேன்.

வரும்போதெல்லாம் துண்டில் வறுத்த மல்லாட்டை முடிந்து கொண்டுவருவான். வேர்க்கடலைக்கு எங்கள் பக்கம் அதுதான் பேர். ஆடி முடித்ததும் அவனைச் சுற்றி உட்காருவார்கள். எனக்கு நீட்டினால் பல் வலி என்பேன். எனக்குப் பல் வலித்ததே இல்லை.

"திண்டிவனத்தான் நல்லா ஆடறானாமே?" என்று வீட்டில் கேட்டாள். கேப்பைக் களியை விழுங்கிவிட்டு எழுந்துவிட்டேன்.

பொங்கலுக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு மழை. பூட்ஸ் நனைந்து ஊறிவிட்டது. ஷெட்டில் எங்களுக்கு ஈரம் என்றால் பாய்லர்தான். வேட்டி, துண்டு, பீடிக்கட்டு எல்லாம் அங்கேதான் காயும். எஞ்சினில் பாய்லரை ஒட்டி ஒரு கைப்பிடிக் கம்பி ஓடும். பூட்ஸை லேஸால் அதில் கட்டிவிட்டு, வேறு எஞ்சின் துடைக்கப் போனேன். பூட்ஸ் கட்டின எஞ்சின் சாயங்காலம்தான் வெளியே போக வேண்டியது. மதியப் பாசஞ்சருக்கு இருந்த எஞ்சினில் ஏதோ கோளாறு. இதை எடுத்துவிட்டார்கள்.

வந்து பார்த்தேன். எஞ்சின் இல்லை. பூட்ஸும் இல்லை.

"மெட்ராசுக்கே போயிருக்கும். அங்க எவன் கால்லயாவது மாட்டிக்கினு சென்டர் ஆடிக்கினு இருக்கும்" என்றார் கோல்கீப்பர்.

எஞ்சின் மறுநாள் திரும்பியது. கம்பியில் ஒன்றும் இல்லை. மாஸ்டரிடம் போனேன்.

"வேற ஜோடி இல்லப்பா. ரூல்னா ரூல்தான்."

அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. ஆனால் டீக்கடையில் கோல்கீப்பர் பேச்சை மாற்றிவிட்டார். "பூட்ஸ் மட்டும் இருந்திருந்தா இவருதாம்பா சென்டரு. அந்தப் பையன் கிட்ட நிக்க முடியுமா?" மற்றவர்களும் ஆமாம் என்றார்கள். காதுக்கு நன்றாக இருந்தது. ஆடாமல் இடம் போனால் தோற்றதாகாது. அப்படியே இருக்கட்டும் என்று மனசைத் தேற்றிக்கொண்டேன்.

டிரையல் அன்று அவன் பாசஞ்சரில் இறங்கி நேராக என்னிடம் வந்தான். துண்டை அவிழ்த்தான். மல்லாட்டை இல்லை. என் பூட்ஸ்.

"அண்ணே, நம்ம ஸ்டேஷன்ல எஞ்சின் தண்ணி புடிக்க நின்னிச்சி. கம்பியில தொங்கிக்கினு இருந்திச்சி. ஓரம் கீறி இருந்துதா, உங்களுதுன்னு தெரிஞ்சிபோச்சி. சூட்டுல கட்டையா வெறச்சிட்டிருந்திச்சிண்ணே. மல்லாட்டை எண்ணெய போட்டு ஊற வெச்சி, சுருங்காம இருக்க உள்ள மல்லாட்டைத் தோல அடைச்சி வெச்சேன். அதான் ஜல்தியா அனுப்ப முடியல."

கோல்கீப்பர் விடவில்லை. "ஏம்பா, இத கொண்டாராம இருந்திருந்தா எடம் உனக்குத்தானே?"

"அண்ணன் இல்லாம டிரையலு இன்னாத்துக்குங்க?"

பூட்ஸைக் கவிழ்த்துத் தட்டினேன். மல்லாட்டைத் தோல் கொட்டியது. காலை விட்டேன். மெத்தென்று இருந்தது. சுண்டுவிரல் நசுங்கவில்லை.

ஆடினோம். நான் ஒரு கோல் போட்டேன். அவனும் ஒன்று போட்டான். பக்கத்து ஆட்களுக்குத் தள்ளிவிட்டு அவர்களைப் போட வைத்தது இன்னும் ரெண்டு. என் பூட்ஸில் ஒரு தோல்கூட உறுத்தவில்லை. உறுத்தியிருந்தாலாவது எதையாவது சொல்லியிருக்கலாம்.

மாஸ்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "நீ இனிமே பின்னால பேக்ல நில்லு. எதிராளி சென்டரு இன்னா செய்வான்னு உனக்குத் தெரியும்."

"சரிங்க."

டீக்கடையில் அப்புறம் பூட்ஸ் பேச்சு வரவே இல்லை.

பேக்கில் நின்று ஆடினேன். அவன் முதுகைப் பார்த்துக்கொண்டே அந்த வருசம் போயிற்று. ஜெயித்தோம். தோள்மேல் அவனைத் தூக்கினார்கள். ஒரு காலை நானும் பிடித்துக்கொண்டேன்.

அடுத்த ஐப்பசியில் மழை பிடித்தது. ஸ்டோரில் இருந்து பந்தை எடுத்துக்கொண்டு பிளாட்பாரத்துக்குப் போனேன். அவன் திண்டிவனம் போகிற வண்டியில் உட்கார்ந்திருந்தான்.

"உங்க ஊட்லயே இருக்கட்டுமேண்ணே. எனக்கு ஒண்ணுமில்ல."

"வாணாம். முறைன்னா முறை."

ஜன்னல் கம்பிக்குள் பந்து போகவில்லை. அங்கேயே பந்து வாயைக் கட்டியிருந்த லேஸைத் தளர்த்திக் காற்றை இறக்கினேன். பிறகு போயிற்று.

"இன்னா எண்ணெண்ணே போட்றீங்க? இம்மாம் நாளு கெடாம இருக்குதே?"

சொல்ல வேண்டாம் என்றுதான் நினைத்தேன்.

"வெளக்கெண்ணெ" என்றேன். வண்டி நகர்ந்தது.

வீட்டில் கொக்கி சும்மா இருந்தது. அதில் என் பெண்சாதி வெங்காயக் கூடையை மாட்டிவிட்டாள். காலையில் வேலைக்குக் கிளம்பும்போது நெற்றியால் ஒரு முட்டு முட்டினேன். கூடை கவிழ்ந்து வெங்காயம் வீடெல்லாம் உருண்டது.

"கண்ணு எங்க இருக்குது உங்களுக்கு?" என்றாள்.

குனிந்து பொறுக்கினேன். ஒன்று உருண்டு வந்து என் காலடியில் நின்றது. அதையும் கையால்தான் எடுத்தேன்.