ஊர் பெயரால் கூப்பிடும் கண்டக்டர்

கடலூர்–சிதம்பரம் பஸ்ஸில் பார்த்த அந்தக் கண்டக்டருக்குப் பயணிகளின் பெயர் தேவையில்லை. டிக்கெட் எடுத்த ஊர்தான் பெயர். காதில் பேனா, தொப்பையில் பை. “ஆலப்பாக்கம், முன்னாடி வாம்மா” என்பார்.

அன்று காலை அண்ணாமலை நகர்க் கல்லூரியில் என் புராஜெக்ட் செயல்விளக்கம். மடியில் லேப்டாப், அதோடு கம்பியில் இணைத்த சின்ன சர்க்யூட் போர்டு. போர்டில் அசைவை உணரும் சென்சார், அதை இயக்கும் மைக்ரோகண்ட்ரோலர் சில்லுக்குப் பதிலே சொல்லவில்லை.

“இன்னா சிதம்பரம், மூஞ்சி தொங்குது?”

“ரெண்டும் பேசமாட்டேங்குதுண்ணே.”

“சண்டையா?” என்று சிரித்தார்.

புதுச்சத்திரம் வந்தது. “புதுச்சத்திரம், எழுந்திரு!” என்று தூங்கியவரிடம் கத்தினார். அவர் அசையவில்லை.

“அவரு முட்லூருங்க” என்றாள் பக்கத்துப் பெண்.

“ஏ முட்லூரு!”

உடனே கண் விழித்தார். “வந்துருச்சா?”

“இன்னும் இல்ல, தூங்கு.”

எனக்குச் சட்டென்று உறைத்தது. சென்சாரின் ஒரு கம்பியை மாற்றிச் செருகினால், அதைக் கூப்பிடும் எண்ணான முகவரியும் மாறும். நேற்று மாற்றியிருந்தேன், புரோகிராம் பழைய முகவரியையே கூப்பிட்டுக்கொண்டிருந்தது. திருத்தினேன். அடுத்த வளைவில் பஸ் திரும்ப, திரையில் எண்கள் துள்ளின.

“பேசிடுச்சுண்ணே! பஸ் திரும்புறத சொல்லுது!”

எட்டிப் பார்த்தவர் விசிலை ஊதியே விட்டார். “டிரைவரண்ணே, இன்னொருவாட்டி வளைச்சு ஓட்டு!”

பஸ்ஸே சிரித்தது. அதற்குப்பின் சாலை நேராகத்தான் போனது. ஆனாலும் எண்கள் இன்னொரு முறை துள்ளின.