மேசையில் விழுந்த இடைவெளி

எங்கள் பக்கத்தில் கல்யாணம் முடித்த ஆண், பெண் வீட்டுக்குப் போய்விடுவான். நானும் அப்படித்தான் நாவற்குடாவுக்கு வந்தேன். வீடு மனைவியுடையது, அது நிற்கும் வளவு மாமியுடையது. பதினான்கு வருடம் ஒரே கூரையின் கீழ் இருந்தும் மாமி எனக்கு முன்னால் உட்கார்ந்து ஒரு வாய் சோறு உண்டதில்லை. என்னோடு நேரே பேசியதுமில்லை. "அவருக்கு இன்னும் கொஞ்சம் சோறு போடு புள்ள" என்று மகளிடம் சொல்வார். நான் இரண்டடி தள்ளித்தான் இருப்பேன். மருமகனுக்குக் கொடுக்கும் மரியாதையாம் அது.

அவருடைய முழங்கால் பழுதாகும் வரை அதை நானும் பெரிதாக எடுக்கவில்லை. நாங்கள் சாப்பிட்டு எழும்பிய பிறகு குசினியில் அடுப்படித் தரையில் பாய் போட்டுச் சாப்பிடுவார். முடிந்ததும் சுவரைப் பிடித்து எழும்பப் பார்ப்பார், முடியாமல் மறுபடி இருந்துவிடுவார். ஒருநாள் அதைக் கண்டுவிட்டேன். இந்த மனுசியை எங்களோடு மேசையில் இருத்தியே தீருவது என்று முடிவெடுத்தேன். வீட்டில் இருந்ததோ நாலு பேரின் முழங்கை இடிபடும் பிளாஸ்டிக் மேசை.

நான் தச்சன் இல்லை, கணக்கு வாத்தியார். சனி ஞாயிறு வந்தால் உளியும் சீவுளியுமாக வளவில் இறங்கும் பைத்தியம் மட்டும் உண்டு. காற்றில் சாய்ந்த வேம்பொன்றைப் பலகையாக அரிந்து கொட்டிலில் அடுக்கியிருந்தேன். மாரி மழைக்குள்ளேயே புது மேசை வேலையைத் தொடங்கினேன். மேசையின் ஒரு தலைப்பில் இரண்டு சட்டங்களை வெளியே இழுத்து, அவற்றின் மேல் தனிப் பலகையொன்றை மாட்டினால் இன்னொருவருக்கு இடம் வந்துவிடும். மயிரிழை இடைவெளிகூடத் தெரியாமல் பொருத்தினேன். அந்தப் பொருத்தில் விரலை ஓட்டிப் பார்த்தபோது எனக்கு என் மேலேயே மரியாதை வந்துவிட்டது.

மாமி வந்து பார்த்தார். "நல்லாத்தான் இரிக்கு. நீங்க சாப்பிடுங்க, நான் மறுகா சாப்பிடுறன்" என்று மகளிடம் சொல்லிவிட்டுக் குசினிக்குள் போனார். எனக்கு வந்த கோபத்தில் இரண்டு நாள் உளியைத் தொடவில்லை.

பிறகு கச்சான் காற்று வந்தது. அனல் காற்றில் பலகைகள் சுருங்கி, மேசைக்கும் நீட்டுப் பலகைக்கும் நடுவே நெருப்புக்குச்சி விழுமளவு இடைவெளி. ஈரம் காயாத மரத்தை நம்பியது என் பிழை, திட்டு விழுந்தது மரத்துக்கு. "ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் எண்டாளாம்" என்றாள் மனைவி.

அன்று மத்தியானம் மாமி தட்டோடு வந்தார். குனிந்து இடைவெளியைப் பார்த்தார்.

"இது வேற மேசைதானே புள்ள."

இடைவெளிக்கு அந்தப் பக்கம், நீட்டுப் பலகையோரம் கதிரையை இழுத்து உட்கார்ந்து சோற்றைப் பிசைந்தார். நான் வாயிலிருந்ததை விழுங்க மறந்துபோனேன். எத்தனை மாதம் மண்டையைப் போட்டு உடைத்தேன்! ஒரு நெருப்புக்குச்சி அகலம் போதுமாக இருந்திருக்கிறது. பிள்ளைகள் சிரிக்கப் போனார்கள், மனைவி கண்ணாலேயே அடக்கினாள்.

சட்டத்தைக் கொஞ்சம் தள்ளி இடைவெளியை மூடுவது ஐந்து நிமிட வேலை. நான் கிட்டவே போகவில்லை.

ஐப்பசியில் மழை பிடித்தது. வாவியின் ஈரம் உடுப்பில் ஏறியது, உப்புப் போத்தலில் ஏறியது, மரத்திலும் ஏறியது. வெட்டி, அரிந்து, சீவி, ஆணியடித்த பிறகும் அந்த வேம்பு தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தது. தினமும் விரலால் தடவிப் பார்ப்பேன். இடைவெளி மெலிந்துகொண்டே வந்தது. மெய்சிலிர்க்கும், மாமி மறுபடி குசினித் தரைக்கே போய்விடுவாரோ என்றும் இருக்கும். ஒருநாள் காலையில் பார்த்தால், யார் கையும் படாமல் பொருத்து மூடிக்கிடந்தது. சீவுளியால் விளிம்பை இழைத்து மறுபடி இடைவெளி விடலாமா என்றுகூட யோசித்தேன். பள்ளிக்கூட மணிக்குப் பயந்து ஓடிவிட்டேன்.

மத்தியானம் மாமி வந்து தன் இடத்தில் உட்கார்ந்தார். பலகையைப் பார்த்தார். மூடிய கோட்டின் மேல் ஒரு சோற்றுப் பருக்கை கிடந்தது, அதை விரலால் எடுத்துத் தட்டின் ஓரம் வைத்தார். எழும்பிவிடுவார் என்றே நினைத்தேன். அவர் மீன்கறிச் சட்டியை என் பக்கம் தள்ளினார்.

"போட்டுச் சாப்பிடுங்க மருமகன்" என்றார், என்னைப் பார்த்து.