மேஸ்திரியின் பாராட்டு

எர்ணாவூரில் ஒரு கன்டெய்னர் யார்டில் நான் வேலை பார்த்தபோது அங்கே ஒரு மேஸ்திரி இருந்தார். ஒட்டிய கன்னம், வெயிலில் வெளுத்த புருவம், கையில் எப்போதும் வாக்கி டாக்கி. அவர் யாரையும் திட்டி நான் கேட்டதில்லை. தப்பு செய்தால் பாராட்டுவார். "சூப்பர் நைனா, அப்டியே எறக்கு!" என்று அவர் சொன்னால் பழைய கிரேன் ஆபரேட்டர் அந்த நொடியே நிறுத்திவிடுவார்.

அன்று மதியம் கிரேனில் இருந்தவர் தூத்துக்குடியிலிருந்து வந்த புது ஆள். கன்டெய்னர் பெட்டி அந்தரத்தில் தொங்கியது. நேர் கீழே, லாரி மேல் ஒரு டிரைவர் குனிந்து பூட்டைத் தட்டிக்கொண்டிருந்தார். மேலேயிருந்து பார்த்தால் அவர் தெரியமாட்டார். மேஸ்திரி பதறிப்போய், வழக்கம்போலவே கத்தினார்.

"சூப்பர் நைனா, அப்டியே எறக்கு!"

"சரிண்ணே" என்றது வாக்கி டாக்கி. பெட்டி இறங்கியது.

நான் ஓடிப்போய் லாரியில் தாவி ஏறி, டிரைவரின் சட்டையைப் பிடித்து இழுத்தேன். இருவரும் தரையில் விழுந்தோம்.

"நிறுத்து! நிறுத்துடா!"

மேஸ்திரி நேராகப் பேசி அன்றுதான் கேட்டேன். பெட்டி, டிரைவர் குனிந்திருந்த உயரத்தில் வந்து நின்றது.

தொங்கும் பெட்டிக்கு அடியில் போகவே கூடாது என்று முதல் நாளே எனக்குச் சொன்னவர் மேஸ்திரி. கிட்டே வந்து, கையை என் தோளில் வைத்தார்.

"நல்ல வேல பண்ணிக்கீற நைனா."

கை வெகுநேரம் தோளிலேயே இருந்தது. அவர் மெச்சினாரா, திட்டினாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.