விருது வாங்கிய ஏச்சு

மக்களின் கருத்தைக் கேட்பதுதான் என் வேலை. கேட்டதைச் செய்வது வேறு ஆட்களின் வேலை. திருகோணமலையில் ஒரு திட்டமிடல் நிறுவனத்தில் பல வருடங்களாக இந்த வித்தியாசத்தில்தான் சம்பளம் எடுக்கிறேன். லிங்கநகரில் என் அயலவர்களுக்கு நான் என்ன செய்கிறேன் என்று இன்னும் விளங்கவில்லை. கூட்டம் வைக்கிற வேலை என்று சொல்லிச் சமாளிக்கிறேன்.

நகரத்துக்கு வடக்கே ஒரு கரையில் உல்லாசப் பயணிகளுக்கு நடைபாதை போடும் திட்டம் வந்தது. வரைபடத்தில் அழகாகத்தான் இருந்தது. ஆனால் பாதை போகிற இடம், மீனவர்களின் ஓலைக் கொட்டில்களான வாடிகளுக்கு முன்னால் பெண்கள் பழைய வலையை விரித்துக் கருவாடு காயப்போடுகிற மணல். வெயிலும் கடற்காற்றும் ஒன்றாகப் படுகிற இடம் அங்கே அது மட்டும்தான். பாதையை வாடிகளுக்குப் பின்னால் கொண்டுபோக அந்தப் பெண்கள் சொன்னார்கள், வேறொன்றும் கேட்கவில்லை. பின்னால் பனை நிழல் இருக்கிறது, நடக்கிறவர்களுக்கும் அதுதான் சுகம். இந்த ஒன்றைச் சொல்ல அவர்களை எத்தனை கூட்டத்துக்கு அலைக்கழித்தோம் என்று நினைத்தால் இப்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

கடைசிக் கூட்டத்தில் நாங்கள் வைத்த தேநீரையும் ரோல்ஸையும் ஒருவரும் தொடவில்லை. சாப்பாட்டில் ஏதோ பிழை என்று எங்கள் முகாமையாளர் என்னை முறைத்தார். கரையின் கடைசி வாடியில் கருவாடு போடுகிற அக்கா எழும்பி நின்றார்.

"உங்கட தேத்தண்ணியக் குடிச்சா பிறகு ஏச ஏலாது, மிஸ். அதுதான் குடிக்கேல்ல. இப்ப ஏசுறம், கேளுங்கோ."

பிறகு ஏசினார். முகாமையாளரின் சப்பாத்தில் தொடங்கி எங்கள் வாகனத்தின் குளிரூட்டி வரை ஒன்றையும் மிச்சம் விடவில்லை. மற்றப் பெண்கள் இடையிடையே எடுத்துக் கொடுத்தார்கள். அத்தனை வருடத்தில் நான் வைத்த கூட்டங்களில் உண்மையான கூட்டம் அது ஒன்றுதான்.

சில மாதம் கழித்து, மக்கள் பங்கேற்பை நன்றாக நடத்துகிறவர்களுக்கு வெளிநாட்டில் ஒரு தொழில்முறை விருது இருப்பதாக முகாமையாளர் அறிந்து வந்தார். விண்ணப்பத்தை எழுதும் பொறுப்பு என்னுடையது. அவர் கொடுத்த குறிப்பில் சிரிக்கிற முகங்களின் படங்களும், மக்கள் விருப்பப்படி குப்பைத் தொட்டிக்கு நிறம் தெரிவு செய்த கதையும் இருந்தன. இதற்கு யாராவது விருது கொடுத்தால் அவர்களுக்குத்தான் வைத்தியம் பார்க்க வேண்டும் என்று அவரிடமே சொன்னேன். மக்கள் சொல்லி எது மாறியது என்பதுதான் நடுவர்களின் முக்கியமான கேள்வி. எனவே குடிக்காத தேநீரையும் ஏச்சையும் அப்படியே எழுதலாம், பாதையைப் பின்னால் மாற்றிவிட்டு அதையும் எழுதலாம் என்றேன். வெளியாட்கள் வாசித்தால் எங்கள் நிறுவனத்துக்கு வெட்கம் வரும், வெட்கத்திலாவது பாதை நகரும் என்பது என் கணக்கு.

அக்காவின் படத்தையும் பேச்சையும் சேர்க்கச் சம்மதம் கேட்டு வாடிக்குப் போனேன். சூடை மீனை வலையில் பரப்பியபடியே கேட்டுக்கொண்டிருந்தார்.

"எழுதுங்கோ. பாதை பின்னால போனதெண்டும் எழுதுங்கோ."

நடந்தால்தான் அதை எழுதலாம் என்றேன். அப்படியென்றால் நடத்திவிட்டு எழுதச் சொன்னார்.

நான் எழுதியதை முகாமையாளர் இரண்டு தரம் வாசித்தார். அவருக்குக் கோபம் வரும் என்று காத்திருந்தேன். கோபம் வரவில்லை, முகம் மலர்ந்தது. இது வெல்லும் என்றார். பாதையைப் பற்றிய இடத்தில் மட்டும் 'பரிசீலனையில் உள்ளது' என்று மாற்றினார். யார் பரிசீலிக்கிறார்கள் என்று கேட்டேன். அதை நடுவர்கள் கேட்கமாட்டார்கள் என்றார். அவர் சொன்னது சரி. ஒருவரும் கேட்கவில்லை.

விருது கிடைத்தது. எதிர்ப்பை ஒளிக்காமல் காட்டிய துணிவை நடுவர்கள் பாராட்டியிருந்தார்கள். பாராட்டை வாங்க முகாமையாளர் புதுக் கோட்டு தைத்து விமானம் ஏறினார். அவர் திரும்பி வருவதற்குள் வாடிகளுக்கு முன்னால் மணலைக் கிண்டிக் கல் பதிக்கத் தொடங்கிவிட்டார்கள். அவர் வந்ததும் ஏன் என்று கேட்டதற்கு, மக்களுடன் நாங்கள் கலந்து பேசிய விதத்துக்கு உலகமே சான்று தந்திருக்கிறது, இனி யாரும் குறை சொல்ல ஏலாது என்றார். அன்று அவருடைய கன்னத்தில் ஒன்று கொடுக்க வேண்டும் போல் இருந்தது. கொடுக்கவில்லை, எனக்கும் சம்பளம் வேண்டும்.

பாதை திறந்த பிறகு ஒருநாள் அங்கே போனேன். பாதை தொடங்குகிற இடத்தில் ஒரு பெரிய தகரப் பலகை நட்டிருந்தார்கள். 'மக்களின் குரல்' என்று தலைப்பு, கீழே கையை நீட்டி ஏசுகிற அக்காவின் படம். பலகைக்குப் பக்கத்தில் அக்கா மீன் நிறைந்த பிளாஸ்டிக் பேசினுடன் நின்றார். பாதை ஓரத்தில் வலை விரிக்கப் போனவரைக் காவலாளி பயணிகளுக்குக் கருவாடு மணக்கிறது என்று எழுப்பிவிட்டிருந்தான். என்னைக் கண்டதும் ஏசுவார் என்று நினைத்தேன், ஏசினால் ஆறுதலாக இருந்திருக்கும். அவர் பேசினைக் கீழே வைத்துவிட்டுத் தன் படத்தை முழம் போட்டு அளந்தார்.

"இதைக் கழட்டித் தாங்கோ, மிஸ். நல்ல தகரம். இதில போட்டாவது காயவைக்கலாம்."