இரண்டாம் பக்கமும் மூன்றாம் பக்கமும்

அந்த ஜாஸ் கச்சேரி மொத்தம் எண்பது நிமிடம் ஓடும். இரண்டு இசைத்தட்டு, நான்கு பக்கம். முதல் பக்கம் இருபத்தொரு நிமிடம், இரண்டாவது பத்தொன்பது, மூன்றாவதும் நான்காவதும் இருபது இருபது. கடிகாரத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கேட்டவன் நான். பக்கங்கள் அமைந்திருந்த விதம்தான் எனக்கு வினையாக வந்தது. ஒன்றும் நான்கும் ஒரே தட்டின் முன்னும் பின்னும்; இரண்டும் மூன்றும் மற்றத் தட்டில். அடுக்கி வைத்தால் ஒன்று முடிந்ததும் அடுத்தது தானே விழும் இயந்திரங்களுக்காக அப்படிச் செய்தார்களாம்.

அப்படி ஓர் இயந்திரம் கானாடுகாத்தானில் ஒரு வீட்டில் இருந்தது. அந்த வீட்டுச் சகோதரர்கள் நான்கு பேரில் மூன்றாமவர் சிங்கப்பூரில் தொழில் செய்து திரும்பும்போது கொண்டுவந்தது. அவருக்குப் பிள்ளை இல்லை, சுவீகாரமும் எடுக்கவில்லை. நான் அப்போது காரைக்குடியில் கணக்கு வாத்தியார். ஒரு பத்திரம் படித்துச் சொல்லப் போன இடத்தில் இந்தச் சத்தம் காதில் விழுந்தது. அறுபதுகளின் கடைசியிலிருந்து ஆறு வருடம், ஞாயிறு காலைகளில் நான் குடியிருந்த கோட்டையூரிலிருந்து பஸ் ஏறிப் போய்விடுவேன். அந்தக் கச்சேரியை மட்டும் முப்பத்தொரு முறை கேட்டேன்.

யார் வாசித்தது என்று பெயர் எழுத மாட்டேன். அந்தப் பெயர்களில் என் உச்சரிப்பை இதுவரை ஒருவர்கூட ஒப்புக்கொண்டதில்லை. டிரம்பெட்காரர் ஒருவர், பியானோக்காரர் ஒருவர், ஆள் உயரப் பிடிலை நிற்கவைத்து விரலால் மீட்டுகிறவர் ஒருவர், டிரம்ஸ்காரர் ஒருவர். டிரம்பெட்காரர் சிக்கனக்காரர். மற்றவர்கள் பத்து சுரம் போடும் இடத்தில் மூன்று போடுவார். விட்ட ஏழும் நமக்குக் கேட்கும். ஆனால் என் ஆள் டிரம்ஸ்காரர். மூன்றாம் பக்கத்தில் மற்ற மூவரும் கையைக் கட்டிக்கொள்ள, அவர் தனியாக ஏழரை நிமிடம் வாசிப்பார். கோயில் திருவிழாவில் நல்ல தவில்காரரின் தனியைக் கேட்டு விரல் விட்டு எண்ணிப் பழகியவன் நான். இவரை எண்ணினால் நான்காம் சுற்றில் விரல் தப்பும். முப்பத்தொரு முறையில் இரண்டே முறைதான் தப்பாமல் போய்ச் சேர்ந்திருக்கிறேன்.

ராக் தட்டுகளும் பதினொன்று இருந்தன. முதலில் எனக்கு அவை மேல் மதிப்பில்லை. நாலு நாலாகப் போகிற கணக்கில் என்ன இருக்கிறது என்று நினைத்தேன். பிறகு ஒரு கிதார்க்காரர் ஒரே சுரத்தைப் பிடித்துக்கொண்டு பதினோரு விநாடி விடாமல் நின்றார். அதில் எண்ண ஒன்றுமில்லை, மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார வேண்டியிருந்தது. அதிலிருந்து அவரையும் சேர்த்துக்கொண்டேன். ஆனாலும் அவர் இரண்டாம் இடம்தான்.

எழுபதுகளின் நடுவில் மூன்றாமவர் இறந்துபோனார். அவருடைய சாமான்கள் மற்ற மூன்று பேருக்கும் சம பங்கு. ஒரு வெள்ளிக்கிழமை காலை, பத்தரைக்கு ராகு காலம் பிறப்பதற்குள் கூறு போட்டுவிட வேண்டும் என்று முடிவானது. வாசலிலேயே கடைசித் தம்பி என்னைப் பிடித்துக்கொண்டார்.

“எனக்கு இந்த இரைச்சல்ல ஒண்ணும் வெளங்காது வாத்தியாரே. என் கூறுல விழுகிற பிளேட்டையெல்லாம் நீங்க எடுத்துட்டுப் போங்க. வீட்டுல எடத்தை அடைக்காம இருந்தாச் சரி.”

உள்ளே போனால் மூத்த அண்ணனான பெரியவர் சொல்கிறார்: “எண்ணுறதுல வாத்தியார்தான் புலி. யாரு பக்கமும் சாயாதவுக. அவுகளே கூறு வைக்கட்டும்.”

சாயாதவன் என்றதும் வாசலில் கடைசித் தம்பி சொன்னது நினைவுக்கு வந்தது. மறுத்துவிட்டு வந்திருக்கலாம். வரவில்லை.

முந்தின நாள் ஏழு பித்தளை அண்டாக்களை மூன்றாகப் பிரிக்க முடியாமல் பெரியவருக்கும் பினாங்கிலிருந்து வந்திருந்த இரண்டாமவருக்கும் பேச்சு நின்றுபோயிருந்தது. இருவரும் எதிரெதிரே உட்கார்ந்துகொண்டு, பெரியவரின் மனைவியான ஆச்சி வழியாகத்தான் பேசினார்கள்.

“ஆச்சி, பிளேட்டு எத்தனைன்னு கேளுங்க” என்றார் இரண்டாமவர்.

“கேட்டுச்சு. காது நல்லாத்தான் இருக்கு. எத்தனை வாத்தியாரே?” என்றார் ஆச்சி.

அட்டைகள் நாற்பத்தொன்று. கச்சேரியின் இரண்டு தட்டும் ஒரே அட்டையில் இருந்ததால் தட்டுகள் நாற்பத்திரண்டு. நாற்பத்தொன்று என்றால் மூன்றுக்கு அடங்காது, மிச்சம் இரண்டு. அண்டாச் சண்டை மறுபடி தொடங்கும். “இது இரட்டை, இதைப் பிரிக்கக் கூடாது” என்று சொல்ல அந்த ஒரு நிமிடம் இருந்தது.

“நாற்பத்திரண்டு” என்றேன்.

“ஆளுக்குப் பதினாலு. அப்பாடா, இதுலயாச்சும் சாமி கண்ணைத் தொறந்தாரே!” என்றார் ஆச்சி.

இரண்டும் ஒரே கூறில் இருந்தால் எனக்கு மூன்றில் ஒரு வாய்ப்பு. பிரிந்தால் முழுக் கச்சேரிக்கு வாய்ப்பு பூஜ்யம். அதனால் ஒரு காரியம் செய்தேன். தட்டுகளை அடுக்கும்போது கச்சேரித் தட்டுகளில் ஒன்றைப் பதினேழாவதாகவும் மற்றதை இருபதாவதாகவும் வைத்தேன். மூன்று கூறாக வரிசையாகப் போட்டுக்கொண்டே போனால் இரண்டும் நடுக் கூறில் விழும். இடையில் யாரும் திரும்பிப் பார்க்காத பழைய அரக்குத் தட்டுகள் இரண்டைச் செருகினேன். சீட்டு எப்படி விழுகிறதோ விழட்டும். நான் யாருக்கும் கூட்டிக் குறைக்கவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

போடத் தொடங்கினேன். மூன்று பேர் கண்ணும் என் கைமேல். பதினேழு, நடுக் கூறு. பதினெட்டு கையிலிருந்து நழுவியது. விளிம்பு கல் தரையில் இடித்து ஒரு சில்லு தெறித்தது.

“போச்சு! ஒடஞ்சதை எங்க தலையில கட்டாதீக வாத்தியாரே” என்றார் ஆச்சி.

“கடைசியில வைக்கச் சொல்லுங்க ஆச்சி. யாரு கூறுல வருதோ வரட்டும்” என்றார் இரண்டாமவர்.

ஓரமாக வைத்தேன். மணி பத்து பதினைந்து. பதினெட்டுக்குப் பதிலாகப் பத்தொன்பதாவது மூன்றாம் கூறுக்குப் போனது. இருபதாவதைக் கையில் எடுத்தபோது அது முதல் கூறுக்குத்தான் போயாக வேண்டும் என்று தெரிந்தது. கை அந்தரத்தில் நின்றது.

“என்ன வாத்தியாரே, கணக்கு மறந்துருச்சா?” பெரியவர் சிரித்தார்.

முதல் கூறில் வைத்தேன்.

சமையல்காரர் சாமி படத்துக்கு முன்னால் கண்ணை மூடிக்கொண்டு சீட்டு எடுத்தார். நடுக் கூறு கடைசித் தம்பிக்கு; அதாவது ஒன்றாம் பக்கமும் நான்காம் பக்கமும் எனக்கு. முதல் கூறு இரண்டாமவருக்கு. அவர் அடுத்த வாரம் கப்பல் ஏறுகிறார்.

எனக்குக் கிடைத்ததில் மிக நல்ல ராக் தட்டை, அந்தப் பதினோரு விநாடிக் கிதார்க்காரரை, எடுத்துக்கொண்டு இரண்டாமவரிடம் போனேன். அவர் டிரங்குப் பெட்டியில் துணி அடுக்கிக்கொண்டிருந்தார்.

“ஒரு தட்டுக்கு ஒரு தட்டு மாத்திக்கிருவமா?”

“எதுக்கு? அதுல என்ன இருக்கு?”

“என்கிட்ட உள்ளதோட ஜோடி அது.”

“ஜோடியா? அப்ப ரெண்டா எப்படி எண்ணுனீக?”

அவர் தன் கூறில் வந்த அந்தத் தட்டை வெளிச்சத்தில் பிடித்து முன்னும் பின்னும் பார்த்தார். “வாத்தியாரே வந்து கேக்குறாருன்னா இது லேசுப்பட்டதா இருக்காதே” என்று வேட்டிகளுக்கு நடுவே வைத்துப் பெட்டியை மூடினார்.

வாசலில் ஆச்சி என்னைப் பார்த்து, “சாமி முன்னால விழுந்த சீட்டு. மாத்துறது தப்புல்ல?” என்றார். தலையை ஆட்டிவிட்டு பஸ்ஸுக்கு நடந்தேன். பினாங்குக்கு மூன்று கடிதம் எழுதினேன். ஒன்றுக்கும் பதில் இல்லை.

இரண்டு வருடம் கழித்துச் சொந்தமாக ஒரு பிளேயர் வாங்கினேன். முதல் பக்கம் ஓடும். அது முடிந்ததும் நேராக நான்காம் பக்கத்துக்குப் போக என்னால் முடியவில்லை. முள்ளை எடுத்து வைத்துவிட்டு, இடையில் உள்ள முப்பத்தொன்பது நிமிடத்தையும் மனத்துக்குள் ஓட்டி முடித்த பிறகுதான் தட்டைத் திருப்புவேன்.

“என்னங்க, கரண்டு போயிருச்சா? சும்மா உக்காந்திருக்கீக?” என்று கேட்டுக்கொண்டே என் மனைவி வந்தாள், முதல் தடவை.

“இல்ல. ரெண்டாம் பக்கம் ஓடுது.”

“நல்லா ஓடட்டும். அது முடிஞ்சதும் ரேஷன் கடைக்கு நீங்க ஓடுங்க.”

அந்த நாட்களில் மனத்துக்குள் கச்சேரி முடிந்து கண்ணைத் திறந்தால் கடிகாரத்தில் சரியாக முப்பத்தொன்பது நிமிடம் போயிருக்கும். அரை நிமிடம் முன்னே பின்னே இருக்கலாம், அவ்வளவுதான். இப்போதெல்லாம் எல்லாமே போனில் கிடைக்கும் என்கிறார்கள். தேடியும் கொடுத்தார்கள்: அதே டிரம்பெட்காரர், ஆனால் வேறு ஊர், வேறு கச்சேரி, வேறு டிரம்ஸ்காரர்.

சென்ற ஞாயிற்றுக்கிழமை முதல் பக்கத்தைக் கேட்டுவிட்டு வழக்கம்போல உட்கார்ந்தேன். எதையும் விட்டதாகத் தெரியவில்லை. டிரம்ஸ்காரர் தனியை முடித்தார், மற்ற மூவரும் சேர்ந்துகொண்டார்கள், கைதட்டல் வந்தது. கண்ணைத் திறந்தால் முப்பத்து நான்கு நிமிடம். பிசகியிருக்கும் என்று மறுபடி ஓட்டினேன். முப்பத்து நான்கு.

ஐந்து நிமிடம் குறைகிறது. எந்த ஐந்து என்று தெரியவில்லை. தட்டைத் திருப்பாமல் பிளேயரை மூடிவிட்டேன்.