தாடையில் ஒரு விரல்

எனக்குப் பக்கவாதம் என்று பனச்சமூட்டில் சிலர் சொல்கிறார்கள். அது தவறு. கழுத்துத் தசை தானாக முறுக்கித் தலையை இடப்பக்கம் திருப்புகிறது. நின்றால் உடலும் சாய்கிறது. தாடையில் ஒரு விரல் வைத்தால் கொஞ்ச நேரம் தலை நேராக நிற்கும்.

ஞாயிறு பைபிள் வாசகத்திலிருந்து என்னை ஏன் நீக்கினீர்கள் என்று இன்று தேவாலயச் செயலாளரிடம் கேட்டேன்.

"விழுந்துட்டா என்ன செய்ய, அம்மச்சி?"

ஒரு கையால் வாசக மேசையைப் பிடித்து, மறு கை விரலைத் தாடையில் வைத்து, முழு வாசகத்தையும் வாசித்துக் காட்டினேன். சாயவில்லை.

"வாசிப்பு கொள்ளாம், நல்லாத்தான் இருக்கு. ஆனா தாடையில கை வச்சு நின்னா துக்கவீடு மாதிரி இருக்குமே?"

"எங்க வீட்டுக்காரர் போன அன்னைக்கே நான் தாடையில கை வைக்கல்ல, மக்கா. இது தலை நிக்கதுக்காக்கும்."

"கமிட்டியில கேட்டுச் சொல்லுதேன்" என்றார்.

கமிட்டிக்காரர்கள் எல்லாரும் நம் தேவாலய முகநூல் பக்கத்தில் இதைப் படிப்பீர்கள். ஞாயிறன்று நான் வாசிக்கலாமா, கூடாதா? போன் செய்ய வேண்டாம். கீழே எழுதுங்கள்.