மாமா தள்ளிக் கட்டச் சொன்ன படி

கொருக்குப்பேட்டையில் நாங்கள் மாடி எடுத்த வருஷம், படிக்குக் கயிறு பிடித்த மகானுபாவர் பக்கத்து வீட்டு மாமா. கூட்ஸ் யார்டில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். கொத்தனார் எங்கள் இடத்துக்குள்ளேயே ஒடுக்கமாகக் கோடு போட்டிருந்தார். அதைப் பார்த்து மாமா உச்சுக் கொட்டினார்.

"இன்னாப்பா இது, கோழி ஏர்ற படியா? ரெண்டடி என் பக்கம் தள்ளிக் கட்டு. நாளைக்கு பீரோ ஏத்தணும்னா இன்னா பண்ணுவ? நான் இன்னா கேஸா போடப் போறேன்?"

தள்ளிக் கட்டினேன். எழுதி வாங்கவில்லை. எங்கள் தெருவில் பக்கத்து வீட்டுக்காரரிடம் அப்படிக் கேட்டுவிட்டு, அப்புறம் அவர் வீட்டு நல்லது கெட்டதுக்குப் போய் நிற்க முடியாது. கான்கிரீட் போட்ட அன்று பூசணிக்காய் சுற்றி உடைத்ததும் மாமாதான். சர்க்கரைப் பொங்கலை இரண்டு முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

பிறகு ஒரு பில்டர் வந்து, அவர் வீட்டை இடித்து அடுக்குமாடி கட்டலாம் என்றான். மாமாவுக்கு அந்த இரண்டடி மேல் திடீர்ப் பாசம் பொங்கியது. அவர் இல்லாத சமயம் பார்த்து நான் அத்துமீறிக் கட்டிவிட்டேனாம், படியை இடிக்க வேண்டுமாம், கேஸ் போட்டார். கீழே அண்ணன் குடும்பம், மேலே நாங்கள். படி போனால் என் பெண்டாட்டி பிள்ளைகள் இறங்க வேறு வழியே இல்லை, பறக்கத்தான் வேண்டும்.

என் வக்கீலம்மா எஸ்டாப்பல் என்று ஒன்று சொன்னார். ஒருவர் பேச்சை நம்பி நாம் காரியத்தில் இறங்கிவிட்டால், பிறகு அவர் பல்டி அடிக்கக் கூடாதாம்; சட்டமே அவர் வாயைக் கட்டிவிடுமாம். மாமா வாயைக் கட்டவும் ஒரு சட்டம் இருக்கிறதே என்று எனக்குப் பரம சந்தோஷம். ஆனால் மாமா அப்படிச் சொன்னதற்குச் சாட்சி வேண்டும் என்றார். கொத்தனார் எந்த ஊரில் இருக்கிறாரோ தெரியாது. தெருக்காரர்களுக்கோ அன்றைக்கென்று ஒருவருக்கும் காது கேட்கவில்லை.

கேஸ் நடக்கும்போதே மழை பிடித்துக்கொண்டது. ஒரு காலையில் கால்வாய் பொங்கி, தண்ணீர் தெருவுக்குள் வந்துவிட்டது. மாமா வீடு தாழ்வானது, மாடி கிடையாது. அவர் சம்சாரம், நாங்கள் அத்தை என்று கூப்பிடுகிறவர், பையைத் தூக்கிக்கொண்டு விறுவிறுவென்று எங்கள் படியேறி வந்துவிட்டார். மாமா மட்டும் முட்டியளவுத் தண்ணீரில் கீழேயே நின்றார். ஏறச் சொன்னேன். படியில் கால் வைத்தால் கேஸ் கெட்டுவிடும் என்று அவர் வக்கீல் சொல்லியிருக்கிறாராம். அடேயப்பா, என்ன ஒரு கொள்கைப் பிடிப்பு. தண்ணீர் இடுப்புக்கு வந்தது. எனக்குக் கோபமெல்லாம் போய் நிஜமாகவே பயம் வந்துவிட்டது. தெரு முழுக்க மொட்டை மாடிகளில் நின்று வேடிக்கை பார்த்தது.

அத்தை கைப்பிடிச் சுவரில் எட்டிப் பார்த்தார்.

"பீரோ ஏத்தணும், ரெண்டடி தள்ளிக் கட்டுன்னு நீதான்யா சொன்ன? நான் பக்கத்துலதான நின்னுகினு இருந்தேன். மூடிகினு ஏறி வா."

மாமா ஏறி வந்தார். துண்டு கொடுத்து உட்கார வைத்துவிட்டு, வக்கீலம்மாவுக்குப் போன் செய்தேன். சாட்சி கிடைத்துவிட்டார், எங்கள் வீட்டில்தான் உப்புமா சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார் என்றேன். வாதி பக்கத்திலேயே உட்கார்ந்து, இரண்டாவது முறை கேட்டு வாங்கிக்கொண்டிருந்தார்.